பிறக்கும் முன்பே பூட்டிய வளையங்கள்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் வயது கூடிய பெற்றோருக்கே அதிகம் பிறக்கிறார்கள் என்பது கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் கவனித்த ஒன்று. ஆனால் யாருடைய வயது காரணம்? தாய்க்கு வயதாகியிருந்தால் பெரும்பாலும் தகப்பனுக்கும் ஆகியிருக்கும். இங்கிலாந்து மருத்துவர் லயனல் பென்ரோஸ் குடும்பம் குடும்பமாகத் தகவல் திரட்டி, இரண்டு வயதையும் தனித்தனியே பிரித்துக் கணக்குப் போட்டார். 1933-ல் வெளியான முடிவில் தகப்பனின் வயது அடிபட்டுப் போனது. தாயின் வயது மட்டுமே நின்றது.

மனிதச் செல்லில் இருப்பவை 46 குரோமோசோம்கள் என்பதே 1956-ல்தான் உறுதியானது. டவுன் சிண்ட்ரோமில் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதைப் பாரிஸ் ஆய்வாளர்கள் 1959-ல் கண்டார்கள். அந்தக் கூடுதல் குரோமோசோம் பத்தில் ஒன்பது முறை தாயின் கருமுட்டை வழியாகவே வருகிறது. அப்படியானால் வயது ஏறும்போது முட்டைக்குள் என்னதான் நடக்கிறது?

ஆணின் உடலில் விந்தணு உற்பத்தி நிற்பதில்லை. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். பெண்ணுக்கு அப்படி இல்லை. அவள் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் சேர்ந்துவிடுகின்றன. அதுதான் உச்சம், அதன்பின் குறைவுதான். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்பெய்தும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் முதிர்ந்து வெளிவருபவை நானூறு ஐந்நூறுதான்.

எண்ணிக்கை குறைவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையும் கையிருப்பைத்தான் மதிப்பிடுகிறது. மிச்சமிருக்கும் முட்டையின் தரத்தை அது சொல்வதில்லை. தரம் கெடும் கதை, முட்டை காத்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

46 குரோமோசோம்களை 23 ஆக்கும் பிரிவுக்கு மியாசிஸ் என்று பெயர். தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்த அதன் ஜோடியும் முதலில் தங்களை நகலெடுத்துக்கொள்கின்றன. பிறகு அருகருகே வந்து, சில இடங்களில் துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிணைந்து நிற்கின்றன. முட்டைச் செல் இந்த நிலையில் வேலையைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. பெண் பிறப்பதற்கு முன்பே நின்ற பிரிவு, அந்த முட்டை வெளிவரப்போகும் மாதத்தில்தான் மீண்டும் தொடங்கும். பதினைந்து ஆண்டும் ஆகலாம், நாற்பத்தைந்து ஆண்டும் ஆகலாம்.

அத்தனை காலமும் ஜோடிகள் கலைந்துவிடாமல் பிடித்துவைத்திருப்பது கோஹீசின் என்ற புரதம். வளைய வடிவில் அமைந்த இது, நகலெடுத்த இரண்டு இழைகளையும் சேர்த்து அணைத்துப் பிடிக்கிறது. முட்டையிலும் விந்தணுவிலும் மட்டும் இந்த வளையத்தில் ரெக்8 என்ற தனி உறுப்பு உண்டு. பிரிவு தொடங்கியதும் செபரேஸ் என்ற நொதி ரெக்8-ஐ வெட்டி வளையத்தைத் திறக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிவிடாமல், குரோமோசோமின் நடுப்பகுதியில் உள்ள வளையங்களை ஷுகோஷின் என்ற இன்னொரு புரதம் காவல் காக்கிறது. அவை அடுத்த கட்டப் பிரிவுக்குத் தேவை.

இந்த வளையங்கள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுகின்றனவா? உடலின் பெரும்பாலான புரதங்கள் நாள்கணக்கில் சிதைந்து புதிதாக உருவாகின்றன என்பதால் இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 2010-ல் ஜெர்மனியின் ரோல்ஃப் யெஸ்பெர்கர் குழு, கோஹீசினின் மற்றோர் உறுப்பான எஸ்.எம்.சி.1 பீட்டாவுக்கான மரபணுவை, எலிக்குஞ்சு பிறந்த பிறகு முட்டைகளில் செயலிழக்கச் செய்தது. அந்த எலிகள் வழக்கம்போலக் குட்டி ஈன்றன. பிறப்பதற்கு முன் செய்த புரதமே போதுமானதாக இருந்தது. கிக்குயே தச்சிபானாவும் சக ஆய்வாளர்களும் ரெக்8-ஐ வைத்துச் செய்த சோதனைகள் அடுத்த பக்கத்தைக் காட்டின: மாதக்கணக்கில் காத்திருக்கும் எலி முட்டையில், புதிய வளையங்கள் பூட்டப்படுவதற்கான தடயமே இல்லை. ஒருமுறை பூட்டியதோடு சரி.

பூட்டிய வளையம் ஒவ்வொன்றாகக் கழன்றால்? வயதான எலிகளின் முட்டைகளில் குரோமோசோம்களின் மேல் ரெக்8 வெகுவாகக் குறைந்திருப்பதை அதே ஆண்டில் வந்த ஆய்வுகள் காட்டின. காவலுக்கு நிற்கும் ஷுகோஷினும் குறைகிறது.

இதன் விளைவு, பிரிவு மீண்டும் தொடங்கும் நாளில்தான் வெளிப்படும். குரோமோசோம்களை இரு திசையிலும் இழுக்கக் கதிர்கோல் இழைகள் உருவாகின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு விறைத்தால்தான் இரு அணியும் எதிரெதிரே நிற்கின்றன என்று தெரியும். செல்லும் அந்த விறைப்பை வைத்தே ஜோடி சரியாகப் பிடிபட்டதா என்று கண்டுகொள்கிறது. விறைப்பைத் தருவது கோஹீசின். அது தளர்ந்துவிட்டால், ஒன்றாக நிற்க வேண்டிய ஜோடி தனித்தனியாகிறது, அல்லது நகலிழைகள் முன்கூட்டியே விலகி ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன. ஒரு பக்கம் 22, மறுபக்கம் 24 என்று கணக்குத் தப்புகிறது.

மனித முட்டைக்கு இதிலும் ஒரு சிரமம். மற்றச் செல்களில் கதிர்கோலை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரோசோம் முட்டையில் கிடையாது. மெலினா ஷூ குழு 2015-ல் மனித முட்டைகளை நேரடியாக நுண்ணோக்கியில் கவனித்தபோது, கதிர்கோல் அமைய ஏறக்குறைய 16 மணி நேரம் பிடித்தது. இடையில் அது பலமுறை நிலைதடுமாறியது. இளம் முட்டைக்கே இந்தத் தடுமாற்றம் என்றால், வளையங்கள் தளர்ந்த முட்டையின் பாடு சொல்ல வேண்டியதில்லை.

டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு 25 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,250-ல் ஒன்று. 40 வயதில் 100-ல் ஒன்று. நாற்பதிலும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது நேர்வதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வேறு குரோமோசோம்களில் நேரும் பிழைகள் பெரும்பாலும் ஆரம்பக் கருச்சிதைவாக முடிகின்றன. வயது ஏற ஏறச் சிதைவுகள் கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

முட்டையில் எல்லாமே இப்படிப் பழுதாவதில்லை. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா இயங்கும்போது டி.என்.ஏ.வைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் கழிவாக வரும். பார்சிலோனாவில் எல்வான் போகே குழு 2022-ல் கண்டது வியப்பானது: காத்திருக்கும் இளம் முட்டைகள், அந்தக் கழிவுக்கு முக்கிய ஊற்றான 'காம்ப்ளக்ஸ் 1' என்ற பகுதியையே இல்லாமல் ஆக்கிவிட்டு வாழ்கின்றன. 20 முதல் 42 வயது வரையிலான பெண்களின் முட்டைகளை ஆராய்ந்து 2025-ல் வந்த ஆய்வு, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் பிழைகள் வயதோடு கூடவில்லை என்றது. அதே பெண்களின் ரத்தத்தில் அவை கூடியிருந்தன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முட்டையின் உத்தி புரிகிறது. அது முடிந்தவரை எதையும் செய்யாமல் இருந்து, அடுத்த தலைமுறைக்கான எழுத்தைக் கெடாமல் காக்கிறது. செயலற்றிருப்பதால் எழுத்து தப்புகிறது. அதே செயலின்மையால் வளையங்கள் புதுப்பிக்கப்படாமல் போகின்றன.

வெளித்தோற்றத்தின் இளமை இந்தக் கணக்கில் சேராது. இளம்பெண் தானமாகத் தந்த முட்டையை நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் கருப்பையில் வளர்த்தால், வெற்றி வாய்ப்பு பெரிதும் தானம் தந்தவரின் வயதையே ஒட்டி நிற்கிறது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் முட்டை தானத்துக்கு 23 முதல் 35 வரை வயது வரம்பு வைத்திருப்பதற்கும் இந்த உயிரியல் பொருந்துகிறது. உறைய வைத்த முட்டை, உறைய வைத்த நாளின் வயதிலேயே நிற்கிறது. எலிகளில் முட்டைத் தரத்தை ஓரளவு மீட்ட சேர்மங்கள் உண்டு. கழன்ற வளையத்தை மறுபடி பூட்டும் மாத்திரை இன்றுவரை எந்த மருந்துக் கடையிலும் இல்லை.

குரோமோசோம் கூடியோ குறைந்தோ ஒரு குழந்தை பிறந்தால், நம் வீடுகளில் விசாரணை தாயிடம் தொடங்குகிறது. கிரகண நேரத்தில் வெளியே வந்தாளா, வேளைக்குச் சாப்பிட்டாளா, பைக்கில் ஏறினாளா என்று கேட்பார்கள். அந்தப் பிழையோ பெரும்பாலும் கருவுறுதலையொட்டிய சில மணி நேரங்களில், அவள் பிறக்கும் முன்பே பூட்டப்பட்ட ஒரு புரதம் தளர்ந்ததால் நேர்ந்தது. தான் கர்ப்பம் என்று அவள் அறியும்போது அது நடந்து முடிந்துவிட்டது. அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை.