வெளியும் காலமும்: சுஜாதாவின் நிலாவும் விண்வெளிச் சாகசப் புதினமும்

'ஸ்பேஸ் ஓபரா' என்ற தொடரை 1941இல் அமெரிக்க எழுத்தாளர் வில்சன் டக்கர் ஏளனச் சொல்லாகவே படைத்தார். தேய்ந்துபோன விண்கலக் கதைகளுக்கு அவர் இட்ட அப்பெயர், பின்னாளில் கோள்களுக்கிடையிலான பேரரசுகளையும் போர்களையும் விரித்துரைக்கும் சாகசப் புதினங்களுக்கு இயல்பான வகைப்பெயராயிற்று. இவ்வகையில் பெண்ணொருத்தி தலைமை மாந்தராவதற்கு லோயிஸ் மெக்மாஸ்டர் பியூஜோல்டின் 'ஷார்ட்ஸ் ஆஃப் ஹானர்' (1986) தக்க சான்றாகும். அதன் தலைவி கார்டீலியா நெய்ஸ்மித் கதை தொடங்கும்போதே விண்வெளி ஆய்வுக் குழுவொன்றின் தலைவர்.

அதே பத்தாண்டில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகியவை வேற்றுக்கோளுக்குச் செல்வதில்லை. 2020களின் தொடக்கத்து இந்தியாவே அவற்றின் களம். ஆயினும் சர்வாதிகாரி, சதி, தப்பித்தல், அரியணை என விண்வெளிச் சாகசப் புதினத்தின் உறுப்புகள் பலவும் இங்குள்ளன. அவ்வகைக்குத் தொலைவு இன்றியமையாதது. அதிகாரத்தைப் பேருருவில் காட்டுவதற்கு அதுவே இடந்தருகிறது. சுஜாதா அத்தொலைவை வெளியில் தேடாமல் காலத்தில் அமைத்துக்கொண்டார் எனலாம்.

நிலா சிபியின் மனைவியாகவே அறிமுகமாகிறாள். பிள்ளை பெறவும் அரசின் இசைவு வேண்டும். பெயர்கள் ஈரெழுத்துக்கு மேல் நீளா. கணவன் காணாமற்போக, அவனைத் தேடிப் புறப்படுகிறாள். இத்தேடல் கண்ணகியை நினைவூட்டுவது இயல்பே. ஆனால் ஒப்புமையினும் வேற்றுமையே நுட்பமானது. வழக்குரை காதையில் பாண்டியன் தன் பிழையை உணர்கிறான். உணர்ந்த அக்கணமே உயிர்விடுகிறான். நீதி கேட்பதற்கு, கேட்கப்படுபவன் குற்றவுணர்வு கொள்ளக்கூடிய உயிராக இருத்தல் வேண்டும். நிலா எதிர்கொள்ளும் ஜீவாவோ ஒளியால் புனையப்பட்ட முப்பரிமாண உருவம். ஒளிக்கற்றையிடம் எச்சிலம்பை உடைப்பது? நிலாவின் மீண்டெழும் திறன் இங்கேதான் சோதிக்கப்படுகிறது: முறையிட ஆளில்லாத அரசில் அவள் தொடர்ந்து நடக்கிறாள். இரண்டாம் பகுதியில் அரியணையே அவளுக்குச் சிறையாகிறது. ரவியும் மனோவும் ஆள, அவள் பொம்மை அரசியாக அமர்த்தப்படுகிறாள்.

இப்படைப்புகளின் குறையும் இதனோடு பிணைந்ததே. சிந்திக்கும் பொறுப்பில் பெரும்பகுதி ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குப் போய்விடுகிறது. துணிவு நிலாவுடையது, உத்தி நாயினுடையது. இரு நூல்களின் தலைப்புகளும் இயந்திரத்தையே சுட்டுவது தற்செயலன்று. கார்டீலியாவைத் தாங்கும் தொழிலறிவு போன்றதொன்று நிலாவுக்கு அளிக்கப்படவில்லை.

தமிழ்ப் புனைவு காலத்தையே தேர்ந்தமைக்கு வானம் எட்டாமை காரணமாகாது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தை ஒட்டிய ஜவ்வாது மலையில், காவலூர் வான்நோக்கு நிலையத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டதும் 1986இல்தான். இராமானுசன் பெயர் தாங்கிய 4130 எண்ணுடைய குறுங்கோள் 1988இல் அங்கிருந்தே கண்டறியப்பட்டது. இவ்வட்டாரத்துத் திருப்பத்தூரில் தமிழாசிரியராக இருந்த மு. வரதராசனாரும் 'கி.பி. 2000' எழுதியபோது காலத்தையே கடந்தார்.

டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் பதனிடுவோரை நடப்பியல் புதினத்துக்குள் கொணர்ந்தது. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் பெண்கள் பெரும்பான்மையினர். தைக்கவும் வெட்டவும் பொருத்தவும் பழகிய கைகள் அவர்களுடையவை. நிலாவிடம் இல்லாத தொழிலறிவு அவர்களிடம் உண்டு. அத்தகைய ஒருத்தியை விண்கலத்தில் ஏற்றிய தமிழ்ப் புதினம், இயந்திர நாயின் துணையின்றியும் நகரக்கூடும்; நெடுந்தொலைவு செல்லும் கலத்திலும் காலணியும் காப்புடையும் கிழியவே செய்யும்.