பாதிரியாரின் அங்கியும் பள்ளி மாணவியின் அங்கியும்

1905 ஜூன் மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஷார்ல் ஷபேர் என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கத்தோலிக்கப் பாதிரியார்கள் தெருவில் அங்கியோடு நடக்கக் கூடாது, அதற்குச் சட்டத்திலேயே தடை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அந்த உடை அடிமைத்தனத்தின் அடையாளம், ஓயாத மதப் பிரச்சாரம், அதைக் கழற்றினால்தான் பாதிரியார் விடுதலை பெறுவார் என்றெல்லாம் அவர் வாதாடினார்.

மதத்தையும் அரசையும் பிரிக்கும் பெரிய சட்டம் அப்போது விவாதத்தில் இருந்தது. அதைச் சபையில் முன்னின்று நடத்தியவர் அரிஸ்டீட் பிரியான். இடதுசாரி, மதநம்பிக்கை இல்லாதவர். அவர்தான் எழுந்து இந்தத் திருத்தத்தை எதிர்த்தார். சுதந்திரம் தரும் சட்டத்தில் உடைக்குத் தடை போட்டால் உலகம் நம்மைச் சகிப்புத்தன்மை அற்றவர்கள் என்று சொல்லும், கேலியும் செய்யும் என்றார். அங்கியைத் தடைசெய்த மறுநாளே பாதிரியாரும் தையல்காரரும் உட்கார்ந்து வேறொரு உடையைத் தைத்துவிடுவார்கள், அது அங்கி அல்ல, ஆனால் அணிந்தவர் பாதிரியார் என்று எல்லோருக்கும் தெரியும், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். 391 பேர் திருத்தத்துக்கு எதிராக வாக்களித்தார்கள், ஆதரித்தவர்கள் 184 பேர். பாதிரியாரின் அங்கி பிழைத்தது.

118 ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் இறுதியில், பிரான்சின் கல்வி அமைச்சர் கப்ரியேல் அத்தால் தொலைக்காட்சியில் ஓர் அறிவிப்புச் செய்தார். அரசுப் பள்ளிகளில் மாணவிகள் இனி அபாயா அணிந்து வரக் கூடாது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை தொங்கும் தளர்வான நீள அங்கிதான் அபாயா. பள்ளி திறந்த முதல் நாளில் 298 மாணவிகள் அதை அணிந்து வந்ததாகவும், மாற்றிக்கொள்ள மறுத்த 67 பேர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் அமைச்சரே கணக்குச் சொன்னார். சில நாட்களில் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் அந்தத் தடையை நிறுத்திவைக்க மறுத்தது.

இரண்டு அங்கிகள், ஒரே கொள்கை. முதல் அங்கியைக் காப்பாற்றிய அதே கொள்கையின் பெயரால் இரண்டாவது அங்கி பள்ளி வாசலில் நிறுத்தப்பட்டது எப்படி? இன்றைய பிரான்சைப் பிளந்துகொண்டிருக்கும் சண்டை அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அந்தக் கொள்கைக்குப் பிரெஞ்சில் லாயிசிதே என்று பெயர். மதச்சார்பின்மை என்று தமிழில் எழுதினால் பாதிதான் பொருந்தும். நமக்கு அந்தச் சொல் எல்லா மதத்தையும் சமமாக அணைப்பது என்ற பொருளில் பழகியிருக்கிறது. கோயில் நிர்வாகத்துக்கு அரசிலேயே ஒரு துறை இருப்பது நமக்கு வியப்பாகப் படுவதில்லை. பிரெஞ்சுச் சட்டம் போன வழி வேறு. 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டத்தின் முதல் பிரிவு மனச்சாட்சியின் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது, வழிபாட்டுச் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் தருகிறது. இரண்டாம் பிரிவு, குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தராது என்கிறது. லாயிசிதே என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் கிடையாது. சட்டம் கட்டிப்போட்டது அரசின் கையை. குடிமக்களின் உடையைப் பற்றி அது பேசவில்லை. பேசச் சொன்னபோதும் மறுத்துவிட்டது என்பதற்குத்தான் அந்த ஜூன் மாத விவாதம் சாட்சி.

அந்த நிதானம் சுலபமாக வந்ததல்ல. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருச்சபை பெரும்பாலும் மன்னராட்சியின் பக்கமே நின்றது. ஒவ்வொரு கிராமத்திலும் பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும் இரண்டு கட்சிகளாக இருந்தார்கள். 1881, 1882ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாக்கின, கட்டாயமாக்கின, பாடத்திலிருந்து மதபோதனையை வெளியேற்றின. பிறகு டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிமேல் சுமத்திய பொய்க் குற்றம் நாட்டையே இரண்டாக்கியது. 1906இல் தேவாலயச் சொத்துகளைக் கணக்கெடுக்க அதிகாரிகள் போனபோது ஊர் மக்கள் உள்ளே புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். வடக்கே ஒரு கிராமத்தில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சாவின் அதிர்ச்சியில் அரசாங்கமே கவிழ்ந்தது. இவ்வளவு கசப்புக்கு நடுவே, வென்ற தரப்பு தோற்றவர்களின் உடையில் கைவைக்காமல் விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிரிவினையும் முழுமையாக நடந்துவிடவில்லை. 1905க்கு முன் கட்டிய தேவாலயங்கள் உள்ளாட்சிகளின் உடைமையாயின, கதீட்ரல்கள் அரசின் உடைமையாயின. பாரிஸின் நோத்ர் தாம் இன்றும் அரசின் கட்டடம்தான். ஆல்சாஸ், மொசெல் பகுதிகள் அந்த ஆண்டு ஜெர்மனியின் வசம் இருந்ததால் சட்டம் அங்கே நுழையவே இல்லை. அங்கே பாதிரியாருக்கும் யூத ரபிக்கும் பிரெஞ்சு அரசு இன்றும் சம்பளம் தருகிறது. ஆண்டின் 11 அரசு விடுமுறைகளில் 6 கிறிஸ்தவப் பண்டிகைகளை ஒட்டியவை. 1959 முதல் ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசே ஊதியம் கொடுக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகள். 1984இல் ஓர் இடதுசாரி அரசு அந்த ஏற்பாட்டைத் தொடப் பார்த்தது. சுமார் பத்து லட்சம் பேர் பாரிஸ் தெருக்களில் திரண்டதும் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

என்னை அதிகம் உறுத்துவது அல்ஜீரியாவின் கதை. 1907இல் ஓர் ஆணையின் மூலம் பிரிவினைச் சட்டம் அந்தக் காலனிக்கும் பெயரளவில் நீட்டிக்கப்பட்டது. அதிலேயே விலக்கு ஒன்றும் வைத்தார்கள். இமாம்களுக்குச் சம்பளம் தருவதும், பள்ளிவாசலில் யார் பேசலாம் என்று தீர்மானிப்பதும் காலனி அரசின் கையிலேயே இருந்தன. எங்கள் மதத்தை விட்டு உங்கள் அரசு விலகட்டும், 1905ஆம் ஆண்டுச் சட்டத்தை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டவர்கள் அங்கிருந்த முஸ்லிம் உலமாக்கள். அது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலனி மக்களின் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கும்போது லாயிசிதே அவர்களிடம் ஒரு கடமையாக மட்டும் வந்து சேர்ந்தது.

அது தொடங்கிய இடம் பாரிஸுக்கு வடக்கே உள்ள கிரேய் என்ற சிறு நகரம். 1989 செப்டம்பரில் அங்கிருந்த நடுநிலைப் பள்ளியொன்றில் மூன்று மாணவிகள் முக்காட்டை வகுப்பறையிலும் எடுக்க மறுத்தார்கள். தலைமையாசிரியர் அவர்களை வெளியே நிறுத்தினார். பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு அது. சல்மான் ருஷ்டிக்கு எதிரான மரண அறிவிப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். ஒரு பள்ளித் தகராறு சில வாரங்களில் தேசப் பிரச்சினையானது. ரெஜி தெப்ரே, எலிசபெத் பதேந்தேர், அலென் ஃபிங்கெல்க்ரோ முதலான ஐந்து அறிஞர்கள், முக்காட்டுக்கு இடம் கொடுப்பது ஹிட்லருக்கு மியூனிக்கில் பணிந்ததைப் போன்ற சரணாகதி என்று எழுதினார்கள். கையெழுத்திட்டவர்கள் இடதுசாரி மரபில் வந்தவர்கள்.

கல்வி அமைச்சர் லியோனல் ஜோஸ்பன் உயர் நிர்வாக நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். நவம்பரில் வந்த பதில் பிரியானின் மொழியிலேயே இருந்தது. மத அடையாளம் அணிவது தன்னளவில் லாயிசிதேவுக்கு விரோதமல்ல, அது பிறர்மேல் அழுத்தமாகவோ பிரச்சாரமாகவோ மாறினால், பாடத்தைக் குலைத்தால் மட்டும் தடுக்கலாம் என்றது நீதிமன்றம். ஆகவே ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு மாணவியின் விஷயத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டுகள் அப்படித்தான் ஓடின.

அந்த ஏற்பாடு ஆசிரியர்களைக் களைப்படையச் செய்தது உண்மை. 2003இல் இதை ஆராய பெர்னார் ஸ்டாசி தலைமையில் 20 பேர் குழு கூடியது. அண்ணன்மாரும் அக்கம்பக்கத்து இளைஞர்களும் கட்டாயப்படுத்துவதால் முக்காடு போடும் பெண்களைப் பற்றி அது கேட்டது. ஃபதேலா அமாரா போன்ற, அல்ஜீரியக் குடும்பத்தில் பிறந்த பெண் தலைவர்களே தடையை ஆதரித்தார்கள். பள்ளி வாசலுக்குள்ளாவது அந்த அழுத்தம் இல்லாமல் சில மணி நேரம் மூச்சுவிடட்டும் என்ற அந்த வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன். ஆனால் குழு வேறு சிலவும் பரிந்துரைத்தது. யூதர்களின் யோம் கிப்பூரையும் முஸ்லிம்களின் பக்ரீத்தையும் பள்ளி விடுமுறை ஆக்கலாம் என்றது. அதிபர் ஷாக் ஷிராக் தடையை எடுத்துக்கொண்டார், விடுமுறைகளை விட்டுவிட்டார். குழுவில் இருந்த வரலாற்றாசிரியர் ஜான் போபெரோ ஒருவர் மட்டும் தடைக்கு ஆதரவு தராமல் விலகி நின்றார்.

2004 மார்ச் 15 அன்று, அரசுப் பள்ளிகளில் மத அடையாளத்தைப் பளிச்சென்று காட்டும் உடையும் பொருளும் கூடாது என்று சட்டமானது. கீழவையில் 494 பேர் ஆதரித்தார்கள், 36 பேர் எதிர்த்தார்கள். சிறிய சிலுவை போடலாம், முக்காடும் யூதர்களின் கிப்பா தொப்பியும் கூடாது. யாருமே நினைத்துப் பார்க்காத சீக்கிய மாணவர்களின் தலைப்பாகையும் சிக்கிக்கொண்டது. அப்படி வெளியேற்றப்பட்ட ஒரு சீக்கிய மாணவரின் வழக்கில் 2012இல் ஐ.நா. மனித உரிமைக் குழு பிரான்சின் செயல் தவறு என்றது. பிரான்ஸ் சட்டத்தை மாற்றவில்லை.

அதற்குப் பின் வேகம் கூடியது. 2010இல் பொது இடத்தில் முகத்தை மூடுவதற்குத் தடை, மீறினால் 150 யூரோவரை அபராதம். அப்போது முழுமுகத்திரை அணிந்தவர்கள் ஏறக்குறைய 1,900 பேர் என்றது அரசின் மதிப்பீடு. 2016இல் நீஸ் நகரில் லாரியை ஏற்றி 86 பேரைக் கொன்ற கொடுமைக்குப் பிறகு, சுமார் 30 ஊர்கள் கடற்கரையில் உடலையும் தலையையும் மூடும் புர்கினி நீச்சலுடையைத் தடைசெய்தன. அந்தத் தடை செல்லாது என்று நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கிடையில் கொடி கைமாறிவிட்டது. 1905இல் லாயிசிதே இடதுசாரிகளின் கொடி, கத்தோலிக்க வலதுசாரிகள் அதை வெறுத்தார்கள். 2010இல் தீவிர வலதுசாரியான மரீன் லெ பென், தெருவில் முஸ்லிம்கள் தொழுவதை நாஜி ஆக்கிரமிப்போடு ஒப்பிட்டுப் பேசினார். அதன் பிறகு லாயிசிதேயின் காவலராகத் தன்னை முன்னிறுத்திக்கொண்டார். 2002 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் அவருடைய தந்தைக்குக் கிடைத்தது 17.8 சதவீதம். 2017இல் மகள் 33.9, 2022இல் 41.5. பெசியே நகரில் அவருடைய ஆதரவோடு வென்ற மேயர் நகர்மன்றக் கட்டடத்துக்குள் கிறிஸ்துமஸ் குடில் வைத்தார். முக்காடு அணிந்த மாணவி மதம் எதையும் காட்டக் கூடாது, நகர்மன்றம் காட்டலாம் என்பதை 1905ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எப்படிப் பொருத்துவது? அரசின் தோளில் வைத்த சுமை மெல்ல மெல்லச் சறுக்கி, பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில் வந்து இறங்கியிருக்கிறது.

இப்படிச் சொல்லும்போது ஆசிரியர்களின் அச்சத்தை மறந்துவிடக் கூடாது. 2020 அக்டோபர் 16 அன்று, கருத்துச் சுதந்திரப் பாடத்தில் முகமது நபியின் கேலிச்சித்திரங்களைக் காட்டியதற்காக சாமுவேல் பத்தி என்ற வரலாற்று ஆசிரியரைப் பள்ளிக்கு அருகிலேயே ஒருவர் தலையை வெட்டிக் கொன்றார். மூன்றாண்டு கழித்து அராஸ் நகரில் தோமினிக் பெர்னார் என்ற ஆசிரியர் குத்திக் கொல்லப்பட்டார். பாடம் நடத்தியதற்காக ஓர் ஆசிரியர் செத்த நாட்டில், மதத்தை வகுப்பறைக்கு வெளியே வை என்று எழும் குரலில் வெறுப்பு மட்டும்தான் இருக்கிறது என்று சொல்வது அநியாயம். அதேபோல, அந்தக் கொலைகளுக்கு அங்கியணிந்த மாணவியைப் பதில் சொல்ல வைப்பதும் அநியாயம்.

மதம் வெளியே தெரிவதே பிரான்சில் குற்றம் என்று நினைத்தால் அதுவும் தவறு. ஒவ்வோர் ஆண்டும் கோடை முடிவில் பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் மாணிக்க விநாயகர் தேரில் வருகிறார். ஈழத்தமிழர்கள் நிறுவிய கோயில் அது. காவடி ஆடுகிறது, பெண்கள் கற்பூரச்சட்டி ஏந்துகிறார்கள், தேர் போகும் வழியெங்கும் தேங்காய்கள் குவியலாக உடைகின்றன, போலீஸ் போக்குவரத்தை மறித்துக் கொடுக்கிறது. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவு உயிரோடு இருப்பதை அந்த வீதியில் பார்க்கலாம்.

2024 கோடையில் உலகமே அந்த நகரத்தைப் பார்த்தது. ஒலிம்பிக்கில் பிரெஞ்சு அணியினர் பொதுச் சேவையில் இருப்பவர்களுக்குச் சமம், அவர்கள் முக்காடு அணியக் கூடாது என்று அரசு அறிவித்திருந்தது. மற்ற நாட்டு வீராங்கனைகளுக்கு அந்தத் தடை இல்லை. நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் மாரத்தானில் வென்று, நிறைவு விழாவில் முக்காட்டோடு நின்று தங்கம் பெற்றார். பிரான்சின் தொடர் ஓட்ட வீராங்கனை சுன்காம்பா சில்லாவுக்கோ, தொடக்க விழாவில் சொந்த நாட்டின் படகில் ஏற முடியுமா என்பதே கடைசி நேரம்வரை கேள்வியாக இருந்தது. முடிவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முக்காட்டுக்குப் பதிலாக அவர் ஒரு தொப்பியால் தலையை மறைத்துக்கொண்டு சேன் நதியில் அணியோடு போனார். பிரியான் 1905இல் எச்சரித்த தையல்காரர் அன்றைக்கு வேலை செய்திருந்தார்.