ஏடிஏ-2: கூடினால் காசநோய், இல்லாவிட்டால்?

பிப்ரவரியின் கடைசி நாள் அரிய நோய்களுக்கான உலக நாள். அதையொட்டி பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் வந்த கடிதங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: பிள்ளைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், எந்தச் சோதனையிலும் கிருமி இல்லை, பிறகு இது என்ன?

கிருமி இல்லாமலே உடல் தானாக அழற்சி கொள்ளும் தன்னழற்சி நோயாக இருக்கலாம். அந்த வகையில் பல நோய்கள் உண்டு. நம் தருமபுரி மாவட்டம் கவனிக்க வேண்டியது என்று நான் நினைக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் டாடா-2. ஏடிஏ-2 என்ற நொதி பிறவியிலேயே வேலை செய்யாததால் வருவது, 2014இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இதை 'அரிய நோய்' என்கிறார்கள். எத்தனை பேரில் ஒருவருக்கு வந்தால் அரிது? 2021ஆம் ஆண்டு தேசியக் கொள்கையில் அந்த எண் இல்லை. போதிய தரவு இல்லை என்பதே அது சொல்லும் காரணம். எண்ணிப் பார்க்காததை அரிது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சண்டிகர் மருத்துவர்கள் முன்னின்று தேடியபோது 33 பேர் கிடைத்தார்கள். 2021இல் அந்த ஆய்வு வெளியானது. தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் மணந்த இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு கூடுதல். தமிழ்நாட்டுத் திருமணங்களில் சுமார் 28 விழுக்காடு சொந்தத்துக்குள் நடப்பவை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் ஊர்களில் யாரும் தேடவில்லை என்பதற்காக நோயே இல்லை என்று ஆகிவிடாது.

இத்தனைக்கும் இந்த நொதி நம் ஆய்வகங்களுக்குப் புதிதல்ல. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தால், காசநோயா என்று அறிய அந்த நீரில் ஏடிஏ பார்க்கிறார்கள். காசநோயில் அங்கே ஏறுவது பெரும்பாலும் ஏடிஏ-2தான். டாடா-2 பிள்ளையின் இரத்தத்தில் அதே நொதியின் செயல்பாடு இல்லை என்று சொல்லும் அளவுக்கு இறங்கியிருக்கும். வழக்கமான சோதனை ஏடிஏ-1, ஏடிஏ-2 இரண்டையும் சேர்த்தே அளக்கும். ஏடிஏ-1ஐ முடக்கும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்துவிட்டால் மிச்சம் தெரிவது ஏடிஏ-2 மட்டும். பழுதான மரபணுவைச் சுமந்தும் நோயில்லாத தாய், தந்தைக்கு அது ஏறக்குறைய பாதியாக இருக்கும். மரபணுச் சோதனை அதன் பிறகு உறுதி செய்யும். நொதி ஏறியிருக்கிறதா என்று தினமும் பார்க்கும் நாட்டில், இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை. இதுதான் என்னை உறுத்துகிறது.

ஏனென்றால், தவறவிட்டால் நேர்வது பக்கவாதம். அதுவும் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு. காய்ச்சல், தோலில் வலை விரித்தது போன்ற சிவப்புக் கோடுகள், பிறகு ஒரு நாள் கை விழுந்துவிடுகிறது. பக்கவாதம் என்றதும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவது வழக்கம். இந்த நோயிலோ மூளையில் இரத்தக் கசிவும் நேரும் என்பதால் அம்மருந்தே ஆபத்தாகலாம். வேண்டியது, இரத்தக் குழாயை அழற்சியில் வேகவைக்கும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி. 2019இல் அமெரிக்க மருத்துவர்கள் 15 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள்: ஊசிக்கு முன் 55 பக்கவாதங்கள், ஊசி தொடங்கிய பின் ஒன்றுகூட இல்லை. அந்த வகை மருந்துகளில் ஒன்றான அடாலிமுமாபுக்கு உலகின் முதல் மாற்றுத் தயாரிப்பை 2014 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது குஜராத்தின் சைடஸ் நிறுவனம். மருந்து நம் நாட்டிலேயே இருக்கிறது. நோயின் பெயர்தான் பிள்ளையின் சீட்டில் ஏறவில்லை.

மற்ற கேள்விகள்.

தொற்றுமா? தொற்றாது.

ஊசிக்கு முன் என்ன பார்ப்பார்கள்? உள்ளுக்குள் உறங்கும் காசநோய்.

அரசு உதவி? கொள்கைப்படி 50 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள நோய்களுக்கு, சிறப்பு மையங்கள் வழியாக மட்டும். தருமபுரிக்குப் பக்கம் பெங்களூரு மனித மரபியல் மையம்.

இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்தலாமா? மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

கூடப் பிறந்தவர்களுக்கும் சோதனை வேண்டுமா? வேண்டும். ஒரு நாளும் காய்ச்சலில் படுக்காத பிள்ளைக்கும்.