கல்லறைத் திருநாளுக்குக் கடலை உருண்டை

அக்டோபர் 31 இரவை மேலைநாட்டார் ஹாலோவீன் என்கிறார்கள். அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்தின மாலை என்பதே அச்சொல்லின் பொருள். இங்கிலாந்தில் முற்காலத்தில் பிள்ளைகளும் ஏழைகளும் வீடு வீடாகச் சென்று, இறந்தோருக்காகச் செபிப்பதாகச் சொல்லிச் சிறு அப்பங்கள் பெற்றார்கள். அந்தச் செபம் மறைந்து பேய் முகமூடி நின்றுவிட்டது!

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நமக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முந்தின நாளே பிள்ளைகளோடு கடலை உருண்டை பிடிக்கலாம். கால் கிலோ வறுத்த வேர்க்கடலைக்கு 200 கிராம் வெல்லம். தோல் நீக்கிப் புடைப்பது பிள்ளைகள் வேலை. பாகு பெரியவர்கள் வேலை. தண்ணீரில் விட்ட பாகு கெட்டியாகி, தட்டினால் 'டங்' என்று ஒலிக்கவேண்டும். இல்லையேல் மழைக்கால ஈரத்தில் பிசுபிசுக்கும். கை பொறுக்கும் சூட்டில் அரிசிமாவு தொட்டு உருட்டுவோம்.

பருவமழைக் காற்றில் மெழுகுதிரி நிற்காது. கொட்டாங்குச்சிக்குள் மெழுகை உருக்கி ஊற்றித் திரியை நிறுத்தினால், விளிம்பு காற்றைத் தடுக்கும். கொட்டாங்குச்சியைத் தேய்த்து வண்ணம் பூசப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்மையில் தாயை இழந்த பிள்ளை உடனிருந்தால் பேய்க்கதை வேண்டாம். கல்லறையில் இருப்பது அதற்குப் பேயல்ல, அம்மா. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்போம், பேசட்டும். பூவோ திரியோ இல்லாத பக்கத்துக் கல்லறைக்கும் ஒரு விளக்கு கூடுதலாகச் செய்துகொள்வோம்.