செராமிக் பார்க்கும் சுண்ணாம்பு

விருத்தாசலத்துச் சூளைகளிலிருந்து பியூஸ் கேரியர், பொம்மை, அகல் விளக்கு என்று என்னென்னவோ வெளியூர் போகின்றன. சி.டி. ஸ்கேன் கருவிக்கும் செராமிக் வேண்டும். ஆனால் அதைக் களிமண்ணில் செய்ய முடியாது. இன்றைய கருவிகள் பலவற்றில் அது கடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு என்ற அருமண் சேர்மத்தால் ஆன சிறு வில்லை. தலையைக் கடந்துவரும் எக்ஸ்ரே பட்டதும் வில்லை ஒளிரும். அடியிலுள்ள போட்டோடயோடு அந்த ஒளியை மின்சாரமாக்கும். எக்ஸ்ரே குழல் ஒரு நொடிக்குள் தலையைச் சுற்றி முடித்துவிடுவதால், ஒளிர்ந்த வேகத்திலேயே வில்லை அணையவும் வேண்டும். மினுக்கம் மிஞ்சினால் அடுத்த அளவீட்டோடு கலந்து படம் கெடும்.

சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவியில் இருந்தது செராமிக் அல்ல, சோடியம் அயோடைடு படிகம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் அது பார்த்த முதல் நோயாளிக்கே மூளையின் முன்மடலில் கட்டி. இன்றும் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் பெயரால் ஓர் எண்: நீருக்கு 0, காற்றுக்கு −1000, மூளைத் திசுவுக்கு 30-ஐ ஒட்டி. சுண்ணாம்புச் சத்து படிந்த இடம் பெரும்பாலும் 100-ஐத் தாண்டி வெள்ளையாகத் தெரியும்.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது சி.டி. எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த வெள்ளைதான் பதில். ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்ற மூளைக்கட்டி நடுவயதில் வலிப்பாகத் தலைகாட்டுவது வழக்கம். பெரும்பாலானவற்றில் சுண்ணாம்பு படிந்திருக்கும். நீரிலுள்ள ஹைட்ரஜனைக் கொண்டு படம் வரையும் எம்.ஆர்.ஐ.யில் அந்தத் துகள் தெரியாமலும் போகலாம், பழைய ரத்தக்கசிவு போலவும் தோன்றலாம்.

ஆனால் நம் ஊரில் வெள்ளைப் புள்ளியைக் கண்டதும் கட்டி என்று பதறக் கூடாது. பன்றி நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான உணவு, நீர் வழியே வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் தங்கி மடிந்தாலும் சுண்ணாம்புப் புள்ளி மிஞ்சும். சைவம் சாப்பிடுபவருக்கும் வரும். அதுவும் வலிப்பையே தரும். புழு மடியும்போது அதைச் சுற்றி உண்டாகும் கட்டியைக் காசநோய்க் கட்டியாக எண்ணி மருந்து கொடுத்த காலமும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் ராஜசேகர் குழு 1993-ல் சி.டி. அளவுகோல் ஒன்றை வெளியிட்டது: 20 மில்லிமீட்டருக்குள், உருண்டையாக, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்தால் புழு, பெரிதாக, ஒழுங்கற்றதாக, கடும் வீக்கத்தோடு இருந்தால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும்.

கட்டிதான் என்ற சந்தேகம் வலுத்தால் திசு எடுத்தாக வேண்டும். ஐ.டி.எச். மரபணு மாறியிருக்கிறதா, 1-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் 19-ஆம் குரோமோசோமின் நீளக் கையும் சேர்ந்தே காணாமல் போயிருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, இந்த இரு மாற்றங்களும் இருந்தால்தான் அது ஒலிகோடென்ட்ரோகிளியோமா.