பேச்சு நடுவில் போன்



"பிள்ளை எந்நேரமும் செல்லையே பாத்துக்கிட்டு கிடக்குது" என்று குழுக் கூட்டத்தில் சொல்லாத அம்மா இல்லை. படிப்பு கெடும், கண் கெடும் என்று பயப்படுகிறோம். நியாயம்தான். ஆனால் இன்னொன்றும் கெடுகிறது. அது பிள்ளைகளின் நட்பு.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பாடம் போனில் வந்தது. கடன் வாங்கியாவது டச் போன் வாங்கின வீடுகள் நிறைய. டவர் கிடைக்கிற மேடு தேடிப் பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். பள்ளி திறந்த பிறகும் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. டவர் இருக்கிற இடத்தில் கூடுகிற பழக்கமும் போகவில்லை.

நம்ம திருப்புலி நாட்டிலும் அப்படி ஒரு இடத்தில் போய்ப் பாருங்க. நாலு பேர் ஒரே பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு இருக்காது. ஒருத்தி ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள். கேட்பவள் தலை நிமிராமல் "ம்... சொல்லு" என்பாள். நாலு தடவை இப்படி "ம்" கேட்டால், அஞ்சாவது தடவை சொல்ல யாருக்கு மனசு வரும்?

இது நம்ம ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2012-ல் ஆஸ்திரேலியாவில் இதற்கு 'ஃபப்பிங்' என்று பேரே வைத்தார்கள். போனைப் பார்த்துக்கொண்டு எதிரில் இருப்பவரை ஒதுக்குவது என்று அர்த்தம். (பேர் வாயில் நுழையாவிட்டால் விடுங்க.) கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. 300-க்கும் மேற்பட்டவர்களை நண்பர்களோடும் குடும்பத்தோடும் ஹோட்டலில் சாப்பிட வைத்தார்கள். சிலர் போனை மேசைமேலே வைத்துக்கொண்டார்கள், சிலர் எடுத்து வைத்துவிட்டார்கள். போன் மேசைமேல் இருந்தவர்களுக்குக் கவனம் சிதறியது. கூடிச் சாப்பிட்ட சந்தோஷமும் குறைந்தது. வித்தியாசம் பெரிசு இல்லைதான். ஒரு சாப்பாட்டில் சின்னதாகத் தெரிவது தினமும் நடந்தால் எப்படி இருக்கும்?

நம்ம பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2023-ல் 'அசர்' என்ற கல்வி ஆய்வு 26 மாநிலங்களில் 14 முதல் 18 வயதுள்ள கிராமத்துப் பிள்ளைகளைக் கேட்டது. போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 100-க்கு சுமார் 44 பேரிடம் சொந்த போன் இருந்தது. பெண் பிள்ளைகளில் சுமார் 20 பேரிடம்தான். அப்படியானால் நாலைந்து தோழிகளில் ஒருத்தி கையில்தான் போன். மற்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கணும், இல்லையென்றால் சும்மா உட்காரணும். கொஞ்ச நாளில் போன் இல்லாதவள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிடுகிறாள். சண்டை எதுவும் நடந்திருக்காது. அதனால் வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

இதை ஏன் பெரிசா சொல்கிறேன்? வளரிளம் பெண்ணுக்கு ஒரு கஷ்டம் என்றால் அம்மாவுக்கு முன்னாடி தோழிக்குத்தான் தெரியும். பள்ளிக்குப் போகிற வழியில் ஒருத்தன் தொந்தரவு செய்கிறான், "படிப்பை நிறுத்திட்டு கல்யாணம் பண்ணிடலாம்னு வீட்ல பேசுறாங்க" என்பதையெல்லாம் அவள் தோழியிடம்தான் முதலில் வாய் திறப்பாள். அந்தத் தோழி காதில் வாங்கினால் டீச்சரிடம் சொல்வாள், 1098-க்கு போன் போடுவாள். 18 வயசுக்கு முன்னால் நடக்கவிருந்த கல்யாணமும் நிற்கும். ரீல்ஸ் பார்த்துக்கொண்டே "ம்" என்றால், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோகும்.

அதற்காக போனைப் பிடுங்கி வைக்காதீங்க. உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்றாக இருந்த பிள்ளைகள் லீவுக்கு ஆளுக்கொரு ஊராகப் பிரிகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவளும் இருக்கிறாள். அவர்கள் நட்பைப் பிடித்து வைத்திருப்பதே இந்தப் போன்தான். தூரத்தில் இருப்பவளோடு போனில் பேசட்டும். பக்கத்தில் ஒருத்தி இருக்கும்போது அது பைக்குள் இருக்கட்டும்.

சொல்கிற நாமும் செய்யணும். தோழி ஒருத்தி கடன் தவணை கட்ட முடியாத கஷ்டத்தைச் சொல்லும்போது வாட்ஸ்அப் பார்க்கிற உறுப்பினர்கள் நம்ம கூட்டத்திலும் உண்டு. பிள்ளைகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

லீவுக்குப் பிள்ளைகள் வந்து உங்க வாசலில் நாலு பேர் கூடினால், ஒரு முறம் பலாக்கொட்டையைச் சுட்டுக் கொடுத்து உரிக்கச் சொல்லுங்க. ரெண்டு கையும் கரியாக இருக்கும்போது போனை யாரும் தொடமாட்டார்கள்.