குமிழி விடும் உலோகம், விடாத உலோகம்

துத்தநாகத் துண்டின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் மேற்பரப்பெங்கும் குமிழிகள் மொய்க்கும். சற்று நேரத்தில் சோதனைக் குழாயே சூடேறிவிடும். வெளிவரும் வாயுவிடம் தீக்குச்சியைக் காட்டினால் ‘டப்’பென்று எரியும். 1766-இல் இவ்வாயுவை ஆராய்ந்து எழுதிய ஹென்றி கேவண்டிஷ், அது உலோகத்திலிருந்தே வருகிறது என்று கருதினார். உண்மையில் அந்த ஹைட்ரஜன் அமிலத்துக்குச் சொந்தமானது. துத்தநாக அணு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகிக் கரைகிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அவற்றை வாங்கிக்கொண்டு, இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாகின்றன. கரைசலை வற்றவைத்தால் மிஞ்சுவது துத்தநாகக் குளோரைடு என்னும் உப்பு.

எலக்ட்ரானை விடுவதில் எல்லா உலோகமும் ஒன்றுபோல் இல்லை. மெக்னீசியம் சீறிக்கொண்டு கரையும், இரும்பு நிதானம், வெள்ளீயம் மந்தம். சோடியத்தை அமிலத்தில் போட்டால் வெடிக்கும்; பள்ளிக்கூடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனையல்ல அது. எலக்ட்ரானை எளிதாக விடுபவை மேலே வரும்படி அமைத்த வினைத்திறன் வரிசையில் ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பவை செம்பு, வெள்ளி, தங்கம் போன்றவை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இவற்றிலிருந்து ஒரு குமிழிகூட வராது. ஆனால் வரிசையை மட்டும் நம்பிவிட முடியாது. காரீயம் ஹைட்ரஜனுக்கு மேலே இருந்தும் நீர்த்த கந்தக அமிலத்தில் கரைவதில்லை. கரையாத காரீய சல்பேட்டு மேலே படலமாகப் படிந்து, அமிலம் உள்ளே போகாமல் தடுத்துவிடுகிறது.

செம்பு குமிழி விடாததால் அதில் புளிப்பைச் சமைக்கலாம் என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் அயனியால் பறிக்க முடியாத எலக்ட்ரானைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பறித்துவிடும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தில் செம்பு மெல்லக் கரையும். செம்பு கலந்த பித்தளைப் பாத்திரத்துக்கு உட்புறம் ஈயம் பூசுவது இதனால்தான். அங்கே பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் கலந்தால் நஞ்சு.

நைட்ரிக் அமிலத்தின் போக்கே வேறு. அங்கே எலக்ட்ரானைப் பறிப்பது நைட்ரேட்டு. செம்புக் கம்பியை அடர் நைட்ரிக் அமிலத்தில் இட்டால் செம்பழுப்புப் புகை குபுகுபுவென்று கிளம்பும். நைட்ரஜன் டைஆக்சைடு என்ற நச்சுவாயு அது. கரைசல் முதலில் பச்சையாகத் தெரியும், நீர் சேர்த்தால் நீலமாகும்.

தங்கம் இதற்கும் அசையாது. பொற்கொல்லர்கள் அதை நைட்ரிக் அமிலத்தால் சோதிப்பதும் அந்தத் துணிவில்தான். ஒரு பங்கு நைட்ரிக், மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த இராஜதிராவகத்தில் மட்டும் கதை மாறுகிறது. நைட்ரிக் அமிலம் மிகச் சொற்பத் தங்கத்தை அயனியாக்க, குளோரைடு அதை உடனே பிணைத்துக்கொள்கிறது. இடம் காலியாகக் காலியாக மேலும் தங்கம் கரைகிறது. 1940-இல் நாஜிப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, மாக்ஸ் வான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகிய இயற்பியலாளர்களின் நோபல் பதக்கங்கள் அங்கே இயற்பியலாளர் நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் இருந்தன; அவை படையின் கையில் சிக்காதிருக்க, வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெசி அவற்றை இப்படித்தான் கரைத்தார். போர் முடியும்வரை அந்தத் திரவம் அலமாரியில் யார் கண்ணையும் உறுத்தாமல் இருந்தது. பிறகு தங்கம் பிரித்தெடுக்கப்பட்டு, பதக்கங்கள் மீண்டும் வார்க்கப்பட்டன.